ஜப்பானுக்கு 11 பேர், 12 நாள்: இந்தத் திட்டம் தேறுமா?

கேட்பவர்: காவிரிக்கரை

வணக்கம். மூன்று குடும்பம் சேர்ந்து ஜப்பான் போகிறோம். மொத்தம் 11 பேர். பெரியவர்கள் 8 பேர். அதில் அப்பாவுக்கு 72, அம்மாவுக்கு 68. பிள்ளைகள் மூன்று பேர்: 13, 9, 5 வயது. அப்பாவுக்கு முழங்கால் வலி. ஒரே மூச்சில் ஒரு கிலோமீட்டர் நடப்பார், அதற்கு மேல் உட்கார வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறோம். ஆறு பேர் சுத்த சைவம், முட்டையும் கிடையாது.

பிள்ளைகளின் கோடை விடுமுறையை வைத்து ஏப்ரல் 25-இல் சென்னையிலிருந்து கிளம்பலாம் என்று நினைக்கிறோம். இப்போதைக்குப் போட்டு வைத்திருக்கும் திட்டம்:

டோக்கியோ 3 இரவு, ஹக்கோனே 1, தகயாமா 1, கனசாவா 1, கியோட்டோ 2, ஹிரோஷிமா 1, ஒசாகா 2. பிறகு டோக்கியோவுக்குத் திரும்பி அங்கிருந்து விமானம்.

கேள்விகள்:
1. பெரியவர்களை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியுமா? எதை வெட்டலாம்?
2. ஜே.ஆர். ரயில்களில் இஷ்டம்போல் ஏறி இறங்க உதவும் 7 நாள் ஜே.ஆர். பாஸ் எல்லாருக்கும் வாங்கலாமா?
3. 11 பேருக்கும் பெரிய பெட்டி இருக்கும். ரயிலில் எப்படி ஏற்றுவது?
4. சைவச் சாப்பாட்டுக்கு என்ன வழி?
5. விசா, மருந்து விஷயத்தில் கவனிக்க வேண்டியது என்ன?

இன்னும் எதற்கும் பணம் கட்டவில்லை. அதனால் எதை வேண்டுமானாலும் மாற்றலாம்.

---

பதில் 1: பாதசாரி

பணம் கட்டாமல் கேட்டது நல்லதாகப் போயிற்று. இரண்டு விஷயத்தை முதலில் மாற்றுங்கள், தேதியையும் தங்கும் இடங்களின் எண்ணிக்கையையும்.

தேதி: ஏப்ரல் 29, மே 3, 4, 5 ஜப்பானில் தேசிய விடுமுறை. இதைச் சுற்றி வரும் வாரத்தைத்தான் கோல்டன் வீக் என்கிறார்கள். நாடே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் வாரம் அது. விடுதி வாடகை எகிறும், கோயில் வாசலில் வரிசை நிற்கும். ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில்களில் நோசோமி வகையில் அந்த நாட்களில் முன்பதிவு இல்லாத பெட்டியே கிடையாது, எல்லாம் முன்பதிவுதான். தமிழ்நாட்டில் பள்ளி ஜூனில்தான் திறக்கும் என்பதால் உங்களுக்கு அவசரமில்லை. மே 9, 10 வாக்கில் இறங்கும்படி தள்ளிப் போடுங்கள். டோக்கியோ பக்கம் மழைக்காலம் பெரும்பாலும் ஜூன் முதல் பாதியில்தான் தொடங்கும். மே நடுவில் குளிரும் இல்லை, வியர்வையும் இல்லை. முழங்கால் வலி உள்ளவருக்கு அதைவிட நல்ல பருவம் கிடைக்காது.

அடுத்தது விடுதி. உங்கள் திட்டத்தில் 11 இரவுக்கு 7 விடுதி இருக்கிறது. குழுவாகப் போகும்போது எத்தனை ஊர் பார்க்கிறோம் என்று கணக்குப் பார்க்காதீர்கள், எத்தனை முறை அறையைக் காலி செய்கிறோம் என்று பாருங்கள். ஜப்பானில் அறையைக் காலி செய்யும் நேரம் பெரும்பாலும் காலை 10 அல்லது 11. புது அறை கிடைப்பது மாலை 3 மணிக்கு. நடுவில் இருக்கும் நாலைந்து மணி நேரம் உங்கள் அப்பா சாய்ந்து படுக்க ஓர் இடமில்லை, அம்மாவின் இன்சுலினை வைக்கக் குளிர்பெட்டி இல்லை. தனி ஆளுக்கு இது ஒரு மணி நேர வேலை. 11 பேருக்கு ஒவ்வொரு மாற்றமும் அரை நாளைத் தின்றுவிடும். ஏழு விடுதி என்றால் ஆறு அரை நாள், அதாவது மூன்று முழு நாள், வரவேற்பு மேசை முன்னால் போய்விடும்.

நான் சொல்லும் திட்டம்:

நாள் 1 முதல் டோக்கியோ 4 இரவு. நாள் 5 ஹக்கோனே 1 இரவு. நாள் 6 முதல் கியோட்டோ 4 இரவு. நாள் 10 முதல் ஒசாகா 2 இரவு. நாள் 12 கன்சாய் விமான நிலையத்திலிருந்து ஊருக்கு.

தகயாமா, கனசாவா இரண்டையும் எடுத்துவிடுங்கள். அழகான ஊர்கள்தான். ஆனால் டோக்கியோவிலிருந்து மலையைச் சுற்றிக் கியோட்டோவுக்கு வரும் வழி அது. அதற்கென்று தனியாக மூன்று நாள் ஒதுக்கினால்தான் நியாயம். நாராவைக் கியோட்டோவிலிருந்தும் ஹிரோஷிமாவை ஒசாகாவிலிருந்தும் போன அன்றே திரும்பி வரும் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

விமானச் சீட்டைப் போகவர டோக்கியோ என்று எடுக்காதீர்கள். டோக்கியோவின் நரிதாவில் இறங்கி ஒசாகாவின் கன்சாயில் ஏறும்படி எடுங்கள். தேடும்போது 'பல நகரம்' என்ற பிரிவில் போடுங்கள். தனித்தனி ஒருவழிச் சீட்டாக எடுத்தால் விலை ஏறும். ஒசாகாவிலிருந்து டோக்கியோவுக்குத் திரும்பும் ஷின்கான்சென் மட்டும் ஆளுக்கு 14,000 யென்னுக்கு மேல். அந்தப் பணமும் மிச்சம், கடைசி நாள் ஓட்டமும் மிச்சம்.

இணையத்தில் ஒரே பதிவில் 9 பேருக்கு மேல் எடுக்க முடியாது. 10 பேரும் அதற்கு மேலும் என்றால் விமான நிறுவனங்கள் குழுக் கட்டணம் என்று தனியாக விலை சொல்லும்; அது எப்போதும் மலிவாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இன்னொரு நுணுக்கமும் உண்டு. மிகக் குறைந்த கட்டணத்தில் 4 இடம்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 6 பேருக்கு என்று தேடினால் கணினி ஆறு பேருக்கும் அடுத்த விலையைத்தான் காட்டும். அதனால் முதலில் 1 ஆள், பிறகு 4, பிறகு 6 என்று தேடி, விலை எங்கே தாவுகிறது என்று பாருங்கள். குடும்பவாரியாகப் பிரித்து எடுத்துவிட்டு, எல்லாப் பதிவு எண்களையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லி விமான நிறுவனத்துக்கு எழுதுங்கள். சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இணைப்பு விமானம் தவறினால் ஒரு குடும்பம் இன்றைக்கும் இன்னொரு குடும்பம் நாளைக்கும் என்று பிரித்துவிடாமல் இருக்க அது உதவும்.

அறைகள்: நகர விடுதிகளில் இருவர் அறையே 12 முதல் 15 சதுர மீட்டர்தான் இருக்கும். இரண்டு பெரிய பெட்டியை விரித்து வைத்தால் நடக்க வழியிருக்காது. மூவர் அறை அரிது. ஆகவே சமையல் மூலையும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ள அபார்ட்மென்ட் விடுதியை டோக்கியோவிலும் கியோட்டோவிலும் தேடுங்கள். விலை ஆள் கணக்கில் வரும் என்பதால் பிள்ளைகளையும் சேர்த்துச் சரியான எண்ணிக்கையைப் போடுங்கள். ஹக்கோனேயில் பாரம்பரிய விடுதி எடுத்தால் 'கட்டில் உள்ள அறை' என்று கேட்டு வாங்குங்கள். பாயில் விரித்த மெத்தையிலிருந்து எழுந்திருப்பதே முழங்காலுக்குப் பெரிய பாடு.

கியோட்டோவில் தங்கும் வரி தனி. 2026 மார்ச்சிலிருந்து அது கூடியிருக்கிறது. ஓர் இரவுக்கு ஆளுக்கு 6,000 யென் முதல் 20,000-க்குள் கட்டணம் என்றால் வரி 400 யென், 20,000-ஐத் தொட்டால் 1,000 யென். இணையத்தில் காட்டும் விலையில் இது சேர்ந்திருக்காது, பலவேளை வரவேற்பு மேசையில் கேட்பார்கள்.

---

பதில் 2: தண்டவாளம்

மேலே சொன்ன வழியை அப்படியே எடுத்துக்கொண்டு ரயில் கணக்கைச் சொல்கிறேன்.

நாடு முழுக்கச் செல்லும் 7 நாள் ஜே.ஆர். பாஸ் வேண்டாம். 2023 அக்டோபரில் அதன் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 ஆயிற்று. பழைய பதிவுகளில் 'கண்ணை மூடிக்கொண்டு வாங்கு' என்று எழுதியிருப்பதெல்லாம் அதற்கு முந்தைய கணக்கு. உங்கள் வழியில் நீளமான பயணம் இரண்டுதான். ஹக்கோனே பக்கத்து ஒடவாரா நிலையத்திலிருந்து கியோட்டோ ஏறக்குறைய 12,000 யென். ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமா போய்வர 21,000 சுற்றி. இரண்டும் சேர்ந்தாலும் 50,000-ஐத் தொடவில்லை.

இதற்குப் பதிலாக ஜே.ஆர். வெஸ்ட் ரயில் நிறுவனம் விற்கும் கன்சாய்-ஹிரோஷிமா பாஸை எடுங்கள். தொடர்ச்சியாக 5 நாள், 17,000 யென் அளவில் வரும், 6 முதல் 11 வயதுக்குப் பாதி விலை. அதை நாள் 8-இல் தொடங்கினால் உங்கள் திட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தும். நாள் 8 நாரா, நாள் 10 ஒசாகாவுக்கு மாற்றம், நாள் 11 ஹிரோஷிமாவும் பக்கத்து மியாஜிமா தீவுக்குப் படகும், நாள் 12 விமான நிலையத்துக்கு ஹருகா விரைவு ரயில் எல்லாம் அதிலேயே அடங்கிவிடும். மியாஜிமாவில் ஆளுக்கு 100 யென் நுழைவு வரி மட்டும் தனி.

ஒரு தவறு மட்டும் நடந்துவிடக் கூடாது. கியோட்டோவுக்கும் ஷின்-ஒசாகாவுக்கும் இடையே ஓடும் ஷின்கான்சென் வேறு நிறுவனத்துடையது, இந்தப் பாஸ் அதில் செல்லாது. கியோட்டோவிலிருந்து 'ஷின் கைசோகு' என்ற விரைவு ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் ஷின்-ஒசாகா வந்துவிடும். அது பாஸில் அடக்கம்.

ஹக்கோனேக்கு: டோக்கியோவில் உயேனோ பக்கம் தங்குங்கள். நரிதாவிலிருந்து ஸ்கைலைனர் ரயில் நேராக அங்கே வருகிறது. ஒடவாராவுக்கும் உயேனோவிலிருந்து மாறாமல் போகும் சாதாரண ரயில் உண்டு, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஷிஞ்சுகு போய் அங்கே ரயில் மாறும் வேலையை அப்பாவுக்கு வைக்காதீர்கள். அந்த நிலையத்தில் மின்தூக்கியைத் தேடி நடக்கும் தூரமே அவருடைய ஒரு கிலோமீட்டரைத் தின்றுவிடும்.

ஒடவாராவில் நோசோமி நிற்காது. ஷின்கான்சென் வகைகளில் கோடாமா எல்லாம் நிற்கும், ஹிகாரி இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று வாக்கில் நிற்கும். முதலில் அந்த ஹிகாரியைக் குறித்துக்கொண்டு அன்றைய காலையை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்தில் கியோட்டோ.

இருக்கைக்கு வருவோம். சாதாரணப் பெட்டியில் ஒரு பக்கம் 3, மறு பக்கம் 2, ஆக ஒரு வரிசையில் 5. உங்களில் 5 வயதுக் குழந்தைக்குச் சீட்டு வேண்டாம், மடியில் வைத்துக்கொள்ளலாம். 9 வயதுக்கு அரைக் கட்டணம், 13-க்கு முழுக் கட்டணம். மிச்சம் 10 பேர். சரியாக இரண்டு வரிசை. கீழே இருக்கும் மிதியை அழுத்தினால் முன் வரிசை இருக்கை அப்படியே திரும்பும். பத்துப் பேரும் எதிரெதிரே உட்கார்ந்து போகலாம். ஷின்கான்சென் சீட்டு எடுக்கும் ஸ்மார்ட் இஎக்ஸ் செயலியில் ஒரு பதிவுக்கு 6 பேர்தான் முடியும். ஆகவே 5 + 5 என்று இரண்டு பதிவு போட்டு, இருக்கைப் படத்தில் அடுத்தடுத்த வரிசையைத் தொடுங்கள். நிலையத்தில் வாங்குவதானால் பயணத் தேதிக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு விற்பனை திறக்கும். நம் ஊரில் அப்போது காலை 6:30. ஃபூஜி மலை தெரிவது இ எழுத்து ஜன்னல் பக்கம். ஆனால் நீங்கள் ஒடவாராவில் ஏறுவதால் ஏறிய கொஞ்ச நேரத்தில் மலை வந்துவிடும், பையை அடுக்கிக்கொண்டிருக்காதீர்கள்.

பெட்டிகள்: டோக்கியோ-ஒசாகா-ஹிரோஷிமா தடங்களில், நீளம் அகலம் உயரம் மூன்றும் கூட்டி 160 சென்டிமீட்டருக்கு மேல் 250 வரை உள்ள பெட்டிக்கு, அதற்கென்று ஒதுக்கிய கடைசி வரிசை இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். தனிக் கட்டணமில்லை. பதியாமல் கொண்டுபோனால் 1,000 யென் கேட்பார்கள். சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்துத்தான் அளவு. 24 அங்குலப் பெட்டி எளிதாகத் தேறும். 28 அங்குலம் விளிம்பில் நிற்கும், வீட்டிலேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள். அந்த இடம் ஒவ்வொரு ரயில் பெட்டியிலும் கடைசி வரிசை மட்டுமே. 11 பெட்டிக்கு எப்படியும் கிடைக்காது. ரயில் நிலையத்தில் நிற்பதும் ஒன்றிரண்டு நிமிடம்தான்.

ஆகவே பெட்டிகளை ரயிலில் ஏற்றவே வேண்டாம். தக்யூபின் என்ற வீடுதேடிச் சுமைச் சேவை இருக்கிறது. கறுப்புப் பூனை படம் போட்ட வண்டி. விடுதி வரவேற்பிலேயே படிவம் இருக்கும். நாள் 5 காலை டோக்கியோ விடுதியில் பெட்டிகளைக் கொடுத்து, ஹக்கோனேக்கு அனுப்பாமல், நேராகக் கியோட்டோ விடுதி முகவரி எழுதி, நாள் 6 என்று தேதி குறியுங்கள். ஹக்கோனேக்கு ஆளுக்கு ஒரு முதுகுப் பையோடு போய்வாருங்கள். பெட்டிக்கு 2,000 முதல் 3,000 யென் வரும். 160 அளவில் எடை வரம்பு 25 கிலோ. இரண்டு பேருக்கு ஒரு பெட்டி என்று கட்டினால் 6 பெட்டியில் முடித்துவிடலாம்.

எங்கே கோளாறு வரும் என்றால், விடுதிப் பதிவில் உள்ள பெயர் ஒருவருடையதாகவும் படிவத்தில் எழுதிய பெயர் இன்னொருவருடையதாகவும் இருந்தால் கியோட்டோ விடுதி பெட்டியை வாங்க மறுக்கலாம். பதிவில் உள்ள பெயர், விடுதியின் தொலைபேசி எண், சேரும் நாள் மூன்றையும் படிவத்தில் எழுதுங்கள். பாஸ்போர்ட், பணம், இன்சுலின், இரண்டு நாள் மாத்திரை ஆகியவை பெட்டியில் போகக் கூடாது. பாஸ்போர்ட்டை எப்போதும் உடம்போடு வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டமும்கூட.

ரயில் வாயிலில் தட்டிவிட்டுப் போகும் ஐசி அட்டை ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே அட்டையை இரண்டு பேருக்குத் தட்டினால் கதவு திறக்காது. ஐபோனில் சுய்கா என்ற ஐசி அட்டையை வாலட்டிலேயே சேர்க்கலாம். நம் ஊரில் வாங்கிய ஆண்ட்ராய்டு போனில் அது வேலை செய்யாது, அவர்கள் பிளாஸ்டிக் அட்டை வாங்கட்டும். பணம் ஏற்ற நோட்டு வேண்டும்.

---

பதில் 3: புளியோதரை

சாப்பாடு பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஜப்பானில் சைவத்துக்கு இடைஞ்சல் கண்ணுக்குத் தெரியும் மீனால் வருவதில்லை. தாஷி என்ற சாறுதான் காரணம். உலர்ந்த கட்ஸுவோ மீனைச் சீவிக் கொதிக்க வைத்து எடுக்கும் சாறு அது. நாம் கடுகு தாளிப்பது போல அவர்களுக்கு அது எல்லாவற்றுக்கும் அடிப்படை. மிசோ சூப், உடோன், சோபா குழம்பு, வேகவைத்த காய், முட்டைப் பணியாரம், கடையில் ஊற்றிக்கொடுக்கும் சோயா சாறு வரை இருக்கும். 'காய்கறி உடோன்' என்று படத்தில் காய் மட்டும் இருந்தாலும் குழம்பில் மீன் இருக்கும். 'சைவமா?' என்று கேட்டால் 'இறைச்சி இல்லை' என்று நல்ல மனத்தோடுதான் சொல்வார்கள். ஆகவே அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். 'இறைச்சி, மீன், முட்டை, மீன் தாஷி எதுவும் சாப்பிடமாட்டோம். பால், தயிர் சாப்பிடுவோம்' என்று ஜப்பானிய மொழியில் அச்சடித்த அட்டையை ஆளுக்கொன்று கையில் வையுங்கள்.

கியோட்டோவில் ஷோஜின் ரியோரி என்னும் பௌத்த மடத்துச் சாப்பாடு கிடைக்கும். கடற்பாசியும் ஷீடாக்கே காளானும்தான் அதில் சாறுக்கு. வெங்காயம், பூண்டுகூட விலக்கு. ஒரு மதியம் கட்டாயம் வையுங்கள், முன்கூட்டியே பதிந்துவிட்டு. எல்லா இடத்திலும் தாஷி இல்லாமல் சமைக்கிறார்களா என்பதை அட்டையைக் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

தினசரிக்கு இப்படிச் செய்யலாம். பல்பொருள் கடையிலும் கன்பினி என்ற தெருமுனைச் சிறு கடையிலும் 200 கிராம் வெள்ளைச் சோறு மூடிய தட்டில் விற்கும். ஒரு மூலையைக் கிழித்து மைக்ரோவேவில் 2 நிமிடம் வைத்தால் சூடான சோறு. பெரியவருக்கு ஒரு தட்டு போதும். தயிர் 400 கிராம் வெள்ளை அட்டைப்பெட்டியில், சர்க்கரை சேர்க்காதது கிடைக்கும். ஒன்று மூன்று பேருக்கு வரும். ஆறு பேருக்கு ஆறு தட்டுச் சோறும் இரண்டு பெட்டித் தயிரும் என்றால் இராச்சாப்பாடு முடிந்தது. சிறு கிண்ணத்தில் பழச்சுவையோடு வரும் தயிரை எடுக்காதீர்கள், பலவற்றில் ஜெலட்டின் சேர்த்திருப்பார்கள். அந்தச் சோறு குட்டை அரிசி, ஆறினால் ஒட்டிக் கட்டியாகிவிடும். சூடாக இருக்கும்போதே கரண்டியால் மசித்துத் தயிரும் உப்பும் போட்டுப் பிசையுங்கள்.

ஊரிலிருந்து பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, புளியோதரைக் காய்ச்சல், மாங்காய்த் தொக்கு, வறுத்த மோர்மிளகாய், உப்பு எடுத்துப் போங்கள். காய்ச்சலும் தொக்கும் விமானத்தில் பதிந்து அனுப்பும் பெட்டியில்தான் போக வேண்டும். கைப்பையில் வைத்தால் திரவக் கணக்கில் பிடுங்கிவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், எலுமிச்சை, காய்கறி எதுவும் வேண்டாம். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அசைவம் சாப்பிடும் ஐந்து பேரும் கோழி ஊறுகாய், மட்டன் தொக்கு என்று கட்டிவிட வேண்டாம். இறைச்சிப் பொருளுக்கு அங்கே கடும் தண்டனை.

மின் அடுப்பு, குட்டி ரைஸ் குக்கர் எதையும் தூக்கிப் போகாதீர்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் ஊர் 230 வோல்ட் சாதனத்தை அதில் சொருகினால் ஐந்தில் ஒரு பங்கு சூடுகூட வராது. 1,500 வாட் கெட்டில் 300 வாட்டுக்குள் முனகிக்கொண்டிருக்கும். அரிசி ஊறுமே தவிர வேகாது. போன் சார்ஜர் எல்லா வோல்ட்டிலும் ஓடும், அதற்கு இரண்டு தட்டைக் கால் உள்ள மாற்றுப் பிளக் மட்டும் போதும்.

நம் ஊர்ச் சாமான் தீர்ந்தால் டோக்கியோவில் நிஷி-கசாய் என்ற பகுதிக்குப் போங்கள். இந்தியர் நிறையப் பேர் குடியிருக்கும் இடம், இந்திய மளிகைக் கடையும் உணவகமும் உண்டு.

உணவகத்தில் 11 பேராக நுழைந்தால் பெரும்பாலும் இடமிருக்காது. பல கடைகளில் மொத்தமே இருபது நாற்காலிதான். 4, 4, 3 என்று பிரிந்து அடுத்தடுத்த கடைகளுக்குப் போய்விடுங்கள். பில்லை ஆளுக்குத் தனியாகப் போடச் சொல்லும் வழக்கம் பல இடத்தில் இல்லை. பொதுப் பணப்பை ஒன்றை ஒருவர் கையில் கொடுத்து, தினமும் இரவு கணக்குப் பாருங்கள்.

---

காவிரிக்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. தேதியை மே 10-க்கு மாற்றிவிட்டோம். தகயாமா, கனசாவா இரண்டையும் திட்டத்திலிருந்து எடுத்தாயிற்று. வீட்டில் கொஞ்சம் வருத்தம், ஆனால் அந்த அரை நாள் கணக்கைக் காட்டியதும் ஒத்துக்கொண்டார்கள். விசாவும் மருந்தும் யாராவது சொல்லுங்கள். அப்பா பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. அவர் ஹக்கோனே ரோப்வேயில் போகலாமா என்றும் தெரிய வேண்டும்.

---

பதில் 4: மருந்துச்சீட்டு

விசா: சுற்றுலா விசா வழங்கிய நாளிலிருந்து 3 மாதம்தான் செல்லும், அதற்குள் நுழைந்துவிட வேண்டும். அதனால் மிக முன்னால் போட்டும் பயனில்லை. பயணத்துக்கு 6 முதல் 8 வாரம் முன்பு விண்ணப்பியுங்கள். 2024 ஏப்ரலிலிருந்து இந்தியர்களுக்குச் சுற்றுலாவுக்கு மின் விசா வருகிறது; விண்ணப்பம் வி.எஃப்.எஸ். விசா மையம் வழியாகத்தான்.

மின் விசாவில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சென்னையில் விமானம் ஏறும்போது, விசா அறிவிப்பை இணையத்தோடு இணைந்த போனில் நேரலையாகத் திறந்து காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட், பிடிஎஃப், அச்சுத்தாள் எதையும் ஏற்கமாட்டார்கள். ஆளுக்கொரு உள்நுழைவு விவரத்தை ஒருவர் தாளில் எழுதிவைத்து, முந்தின இரவே ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பெரியவர்கள் விசாவைப் பிள்ளைகள் போனில் திறந்து காட்டலாம், ஆனால் அந்தப் போன் அதே வரிசையில் நிற்க வேண்டும்.

11 பேரும் தனித்தனி விண்ணப்பம். ஆனால் பயண நிரல் ஒன்றாக இருக்க வேண்டும். நாள், ஊர், விடுதி முகவரி எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகட்டும். பெற்றோர் செலவை மகன் ஏற்கிறார் என்றால் உறவுக்கான சான்றும், மகனுடைய வருமான வரிக் கணக்கும் வங்கிக் கணக்கும், செலவை ஏற்கும் கடிதமும் அவர்கள் விண்ணப்பத்தோடு போக வேண்டும். திட்டத்தை இப்போது மாற்றியிருக்கிறீர்கள், பழைய நிரல் யாருடைய விண்ணப்பத் தாள்களிலாவது தங்கியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

பெயர்: விசாப் படிவத்தில் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுதுங்கள். விமானச் சீட்டில் குடும்பப் பெயர் கட்டாயக் கட்டமாக இருக்கும். அதில் என்ன போடுவது என்பதை ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒவ்வொரு விதமாக வைத்திருக்கிறது. சிலர் பெயரையே இரண்டு முறை போடச் சொல்வார்கள். பணம் கட்டும் முன் அவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இணைப்பு விமானம் வேறு நிறுவனம் என்றால் அவர்களிடமும்.

மருந்து: மருத்துவர் எழுதிய மருந்து ஒரு மாத அளவுக்குள் என்றால் முன் அனுமதி தேவையில்லை. 12 நாளுக்கு நீங்கள் அதைத் தாண்டமாட்டீர்கள். ஆனால் 'இருக்கட்டும்' என்று மூன்று மாதக் கட்டை அள்ளிப் போட்டால் அனுமதிச் சான்று கேட்பார்கள். இன்சுலின் பேனாவும் ஊசிமுனையும் கைப்பையில், மருந்துச்சீட்டோடும் மருத்துவரின் ஆங்கிலக் கடிதத்தோடும். மாத்திரைகளை அதன் அட்டையிலேயே வையுங்கள், டப்பாவில் பிரித்துக் கொட்டாதீர்கள். சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைக்கு ஜப்பானில் தடை. கோடீன் உள்ள இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. வீட்டு மருந்துப் பெட்டியில் இருப்பதை அப்படியே கவிழ்க்காமல் ஒவ்வொரு அட்டையின் பின்பக்கமும் படியுங்கள்.

மே மாத நடையில் அம்மாவுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு நடப்பார். அளவைக் குறைப்பது பற்றிக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். கைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். ஆம்புலன்ஸ் எண் 119, போலீஸ் 110. வெளிநோயாளியாகப் பார்த்தாலும் செலவு கையைக் கடிக்கும். பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்க்கும் பாதுகாப்பு உண்டா என்று பாருங்கள், பிரீமியம் கொஞ்சம் கூடினாலும்.

---

பதில் 5: பாதசாரி

ரோப்வே பற்றி: ஏறுவதில் சிரமமில்லை, உட்கார்ந்தே போகலாம். ஆனால் நடுவில் வரும் ஓவாகுதானி எரிமலைப் பள்ளத்தில் கந்தகப் புகை வரும். ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் அங்கே போக வேண்டாம் என்றே எச்சரிக்கிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் மட்டும்தான் என்றால் பிரச்சினையில்லை. காற்று பலமாக அடித்தாலோ புகை கூடினாலோ ரோப்வேயை நிறுத்திவிடுவார்கள். அன்று காலை ஓட்டம் உண்டா என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள். நிறுத்தினால் ஹக்கோனே-யுமோட்டோவிலிருந்து பேருந்தில் நேராக ஆஷி ஏரிக்குப் போய்ப் படகில் ஏறிவிடலாம்.

கியோட்டோவில் கியோமிசு கோயிலுக்கு ஏற்றமான தெரு. அப்பாவுக்கு அதைவிட சஞ்சூசங்கென்தோ கோயில் பொருத்தம். தரை முழுக்கச் சமம், கன்னோன் என்ற போதிசத்துவரின் 1,001 சிலைகள் வரிசையாக இருக்கும். முன்னால் நிற்கும் 28 காவல் தெய்வங்களில் பலர் நம் ஊரிலிருந்து போனவர்கள்தான், அம்மாவுக்குப் பிடிக்கும். நாராவில் தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தரை விட்டுவிடாதீர்கள். 752-இல் அந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. நிலையத்திலிருந்து டாக்ஸியில் போங்கள். சாதாரண டாக்ஸியில் நாலு பேர்தான், 11 பேருக்கு மூன்று வண்டி. நாள் முழுக்க வண்டி வேண்டுமென்றால் 9 பேர் ஏறும் ஜம்போ டாக்ஸியோடு ஒரு சாதாரண டாக்ஸி, அல்லது சிறு பேருந்து. பச்சை நம்பர் பலகை உள்ள வண்டியை மட்டும் எடுங்கள். வெள்ளைப் பலகை வண்டியில் காசுக்கு ஆள் ஏற்றுவது அங்கே சட்டவிரோதம், விபத்தென்றால் காப்பீடும் கைகொடுக்காது.

ஹிரோஷிமா நாளன்று அப்பா அம்மாவுக்கு ஒசாகா விடுதியில் ஓய்வு என்று இப்போதே பேசி வையுங்கள். போகவர மூன்று மணி நேர ரயில், படகு, அருங்காட்சியகத்தில் நின்றபடி ஒரு மணி நேரம் என்று அன்றுதான் நடை அதிகம். கூட ஒருவர் இருப்பதானால் அந்த மூவருக்கும் பாஸ் லாபமில்லை. நாரா, ஒசாகா, ஹருகாவுக்குத் தனிச் சீட்டே மலிவு.

---

காவிரிக்கரை

அப்படியானால் பாஸ் 7 பேருக்கு. அப்பா, அம்மா, கூட இருக்கும் அக்கா மூவருக்கும் தனிச் சீட்டு. 9 வயதுக்குப் பாதி விலை. இன்று இரவு விமானச் சீட்டு தேடுகிறேன், 1, 4, 6 என்றே போட்டுப் பார்க்கிறேன்.